தொட்டியில் நிற்காத தண்ணீர்

மம்சாபுரத்தில் மாரிக்கனியின் வீட்டுக்குப் புதிதாக வருகிற யாருக்கும் அங்கே ஒரு விளக்கைப் போடத் தெரியாது. கூடத்து விளக்கின் சுவிட்சு அடுப்படிச் சுவரில் இருக்கும். காற்றாடிக்கு இரண்டு சுவிட்சுகள்; இரண்டையும் போட்டால்தான் சுற்றும். குளியலறைக் குழாய், ஊரில் உள்ள எல்லாக் குழாய்களுக்கும் எதிர்த்திசையில் திரும்பும். எல்லாம் அவளுடைய கணவர் வேல்பாண்டி தன் கையால் செய்தவை.

அவர் துணை ராணுவத்தில் இருந்தவர். காஷ்மீர், சத்தீஸ்கர், மணிப்பூர் என்று எங்கெங்கோ இருந்துவிட்டு லீவில் வருவார். வந்த மறுநாளே சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு வீட்டில் எதையாவது உடைக்க ஆரம்பிப்பார். "கொத்தனாரக் கூப்பிட்டா ஒரு நாள் வருவான், நாலு நாள் வரமாட்டான். நாமளே பாத்துருவோம்" என்பார். பாதி வேலையில் லீவு முடிந்துவிடும். அடுத்த முறை வரும்போது பழைய பாதி மறந்திருக்கும். புதிதாக ஒன்றைத் தொடங்குவார். அப்படியே ஒட்டியும் முறுக்கியும் வளர்ந்த வீடு அது. எந்த ஒயர் எங்கே போகிறது, எந்தக் குழாய் எங்கே முடிகிறது என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். அவர் இருந்தவரை அதனால் ஒரு குறையும் இல்லை.

ஓய்வு பெற்று வந்து சில வருஷங்கள் இருந்தார். ஒரு மத்தியானம் சாப்பிட்டு எழுந்தவர், கை கழுவப் போன இடத்தில் அப்படியே சரிந்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருமுன் உயிர் போய்விட்டது.

காரியமெல்லாம் முடிந்து, மகள் கார்த்திகா கோயம்புத்தூருக்குத் திரும்பிப் போன பிறகு, கூடத்து விளக்கு எரியாமல் போனது. மாரிக்கனி ஓர் எலெக்ட்ரீஷியனைக் கூட்டி வந்தாள். அவன் சுவிட்சு பலகையைத் திறந்து பார்த்துவிட்டு மூடினான்.

"யாரு போட்டது இது? இதுல கை வைக்க எனக்கே பயமா இருக்குக்கா. வீட்டுக்கே புதுசா ஒயரிங் பண்ணணும்."

அவன் போனபின் மாரிக்கனி அந்தப் பலகையின் முன்னால் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். அழுகை வந்தது. அழுது முடித்த பிறகும் விளக்கு எரியவில்லை. மெயினை அணைத்துவிட்டு, பலகையைத் திறந்து, நிறம் நிறமாய்ப் போன ஒயர்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு ஒயர் மட்டும் திருகாணியைவிட்டுக் கழன்று நின்றது. அதை மாட்டி இறுக்கினாள். மெயினைப் போட்டதும் கூடத்தில் வெளிச்சம் வந்தது. சொல்லிச் சந்தோஷப்பட வீட்டில் யாரும் இல்லை. கார்த்திகாவுக்குப் போன் போட்டாள். அவள் மீட்டிங்கில் இருப்பதாக மெசேஜ் வந்தது.

அதிலிருந்துதான் ஆரம்பித்தது. ஒழுகும் குழாய்க்கு வாஷர் மாற்றினாள். கதவுக் கீல் போனபோது புதுக்கீல் அடித்தாள். தெரியாததைப் போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டாள். ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் துணி மடித்துக் கட்டுவது அவளுக்கு வேலை. அங்கே மெஷின் இரைச்சலில் யாரும் யாரோடும் அதிகம் பேசுவதில்லை. சாயங்காலம் பஸ் ஏறுமுன் ஞானதுரை என்பவரின் ஹார்டுவேர் கடைக்குப் போவாள்.

"என்னக்கா, இன்னைக்கு என்ன வேலை?" என்பார் அவர். "அரை இஞ்சா, முக்கால் இஞ்சா? உள்மரையா, வெளிமரையா?"

நாள் முழுவதிலும் அவளைப் பார்த்து ஒருவர் கேட்கும் கேள்வி அதுதான். அவள் நின்று, யோசித்து, பதில் சொல்வாள். சில நாட்களில் குழாய் வாங்கிக்கொண்டு, அதன் மரையில் சுற்றுகிற டேப்பை வேண்டுமென்றே மறந்துவிட்டு வருவாள். மறுநாள் போய் நிற்கலாமே.

இந்த வைகாசியில் வீட்டில் ஒரு புதிய தொல்லை வந்தது. மொட்டை மாடித் தொட்டியில் காலையில் மோட்டார் போட்டு நிரப்புகிற தண்ணீர், அவள் வேலைக்குப் போய்த் திரும்பும்போது பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. வீட்டில் இருப்பதோ அவள் ஒருத்தி. எந்தக் குழாயும் ஒழுகவில்லை. ஆனால் அடுப்படியின் கிழக்குச் சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஈரம் ஏறி, சுண்ணாம்பு பொரிந்து உதிர்ந்தது.

பிளம்பர் இருளப்பசாமி வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார்.

"உள்ள எங்கயோ லீக்கு. டைல்ஸ் அம்புட்டையும் பேத்து, லைனை மாத்தணும் மதினி. பெரிய வேலை. வீட்டுல ஆம்பளைக யாரும் வந்தா சொல்லுங்க, உக்காந்து பேசிக்கிடுவோம்."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனாலும் மாரிக்கனிக்குச் சுருக்கென்றது.

"பேசுததா இருந்தா என்கிட்டயே பேசுங்க. வேற யாரும் வாரதுக்கு இல்ல" என்றாள்.

அவர் தலையைச் சொறிந்துகொண்டு போனார். டைல்ஸைப் பெயர்க்குமுன் தண்ணீர் எந்த வழியாகப் போகிறது என்று தானே பார்த்துவிடுவது என்று அவள் முடிவு செய்தாள்.

தொட்டியிலிருந்து மூன்று குழாய்கள் இறங்கின. ஒன்று அடுப்படிக்கு, ஒன்று குளியலறைக்கு. இரண்டிலும் மேலேயே வால்வு இருந்தது. மூன்றாவது, பின்சுவர் வழியாக இறங்கிப் புழக்கடைக் குழாய்க்குப் போனது. அதற்கு வால்வு கிடையாது. ஒரு நீளக் கம்பைத் தொட்டிக்குள் விட்டு நனைந்த இடத்தில் கோடு போட்டுக்கொண்டு, முதல்நாள் அடுப்படி வால்வை மூடினாள். தண்ணீர் இறங்கியது. மறுநாள் குளியலறை வால்வை மூடினாள். அப்போதும் இறங்கியது. பிறகு இரண்டையும் சேர்த்து மூடினாள். அன்றைக்கும் தொட்டி குறைந்தது. ஆகவே தண்ணீர் போவது மூன்றாவது குழாயில்தான். ஆனால் புழக்கடைக் குழாயின் வாயில் ஒரு சொட்டுக்கூட இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அந்தக் குழாயின் அடியில் தோண்டினாள். முழங்கை ஆழத்தில் குழாய் இரண்டாகப் பிரிந்தது. ஒரு கிளை மேலே ஏறிப் புழக்கடைக் குழாயில் முடிந்தது. இன்னொன்று கிழக்கே திரும்பி மண்ணுக்குள் போனது. வழிநெடுகக் கிளறிக்கொண்டே போனாள். இரண்டு வீடுகளுக்கும் நடுவிலிருந்த ஆள் நுழையும் சந்தைத் தாண்டி, பக்கத்து வீட்டுச் சுவருக்குள் புகுந்தது குழாய்.

பக்கத்து வீடு வேல்பாண்டியின் அண்ணன் மொக்கைச்சாமியுடையது. பூட்டிக் கிடந்தது.

மாரிக்கனி மண்வெட்டியின் மேல் சாய்ந்து நின்றாள். அப்போதுதான் நினைவு வந்தது. கார்த்திகாவின் பிரசவத்துக்காக அவள் கோயம்புத்தூரில் தங்கியிருந்தபோது, அண்ணன் வீட்டு போர்வெல் வற்றிவிட்டதென்று வேல்பாண்டி போனில் சொன்னார். "அண்ணன் வீட்டுக்கு நம்ம தண்ணி விட்டுருக்கேன்" என்றார். ஹோஸ் வைத்துப் பிடித்துவிடுகிறார் என்று அவள் நினைத்துக்கொண்டாள். மண்ணைத் தோண்டி நிரந்தரமாக ஒரு குழாயையே பதித்திருக்கிறார்.

சந்துக்குள் போய் ஜன்னல் இடுக்கில் பார்த்தாள். அண்ணன் வீட்டு அடுப்படியில் சுவர்க்குழாய் உடைந்து தொங்கியது. தண்ணீர் சத்தமில்லாமல் சுவரோடு வழிந்துகொண்டிருந்தது. தரை முழுக்க நீர். அதில் ஒரு முறம் மிதந்தது. அந்த ஈரந்தான் சந்து மண்ணில் ஊறி அவள் வீட்டுச் சுவரிலும் ஏறியிருக்கிறது.

அந்த வீட்டில் அவள் காலடி வைத்து இரண்டு வருஷமாகிறது. வேல்பாண்டி இறந்த அன்று, மகன் இல்லாத தம்பிக்குத் தன் மகன் கௌதம்ராஜ்தான் கொள்ளி வைக்க வேண்டும் என்று மொக்கைச்சாமி எல்லா ஏற்பாடும் செய்திருந்தார். கார்த்திகா கேட்கவில்லை. "எங்க அப்பாவுக்கு நான்தான் வைப்பேன்" என்று நின்றாள். கூட்டத்தில் ஆளுக்கொன்று பேசினார்கள். மொக்கைச்சாமி மாரிக்கனியைப் பார்த்து, "நீ சொல்லு கனி, புள்ளைட்ட" என்றார். மாரிக்கனி வாயைத் திறக்கவில்லை. கார்த்திகா சுடுகாட்டுக்குப் போனாள், கொள்ளியும் வைத்தாள். மொக்கைச்சாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி வந்தவர், பிறகு தம்பி வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. சில மாதங்களில் அவரும் மனைவி மாடத்தியும் மகனோடு திருப்பூருக்குப் போய்விட்டார்கள். போகும்போது சொல்லிக்கொள்ளவும் இல்லை.

இப்போது அவள் பேசித்தான் ஆக வேண்டும். மாடத்தியின் நம்பர் போனில் இருந்தது. இரண்டு தடவை போட நினைத்து, வைத்துவிட்டாள். மூன்றாவது தடவை போட்டாள்.

"யாரு?" என்றது மாடத்தியின் குரல்.

"நான்தான்க்கா. மாரிக்கனி."

அந்தப் பக்கம் எங்கேயோ தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது.

"உங்க வீட்டு அடுப்படியில குழாய் ஒடஞ்சு, வீடு பூராத் தண்ணிக்கா. எங்க தொட்டித் தண்ணிதான் போகுது. நான் ஒண்ணும் கோவத்துல சொல்லல. வீடு வீணாப் போகுதுன்னுதான் சொல்லுதேன்."

"ஏட்டி" என்றாள் மாடத்தி. "நீ போன் போடுவன்னு நான் நெனைக்கவே இல்ல. சாவி கௌதம்ட்ட இருக்கு. அவன் எப்ப வர? பின்வாசல்ல பூட்டு சின்னதுதான். அத ஒடச்சிரு."

"அத்தான் எதுவும் சொல்லுவாவளா?"

"அவிய எங்க சொல்ல" என்றாள் மாடத்தி. "கையும் காலும் ஒரு பக்கம் விழுந்து, வர்ற ஆவணி வந்தா ஒரு வருசம். பேச்சும் சரியா வராது. உனக்கு யாரும் சொல்லலையா?"

யாரும் சொல்லவில்லை. மாரிக்கனி வீட்டுக்குப் போய் இரும்பு அறுக்கிற ஆக்ஸா பிளேடை எடுத்து வந்தாள்.

பின்வாசல் பூட்டை அறுத்தாள். சின்னப் பூட்டுத்தான், இருந்தும் கை ஓய்ந்துபோனது. உள்ளே கணுக்காலளவு தண்ணீர். ஊறிய மண்ணும் எலிப்புழுக்கையும் கலந்த நாற்றம். அரிசி மூட்டை உப்பி வெடித்திருந்தது. தன் வீட்டு மாடிக்குப் போய்த் தொட்டியின் தண்ணீர் முழுவதையும் திறந்துவிட்டாள். தொட்டி காலியான பிறகு, புழக்கடையில் தோண்டிய குழிக்குள் இறங்கி, கிழக்கே திரும்பிய குழாயை அறுத்தாள்.

முந்தின நாளே எதற்கும் இருக்கட்டும் என்று ஞானதுரை கடையில் சாமான் வாங்கியிருந்தாள். "லைனை ஒரேயடியா அடைக்கணும்னா எண்ட் கேப்பு போதும்க்கா, ஒட்டிட்டு மண்ணைத் தள்ளிரலாம். திரும்பத் தொறக்கணும்னா வால்வு" என்றிருந்தார் அவர். அப்போது என்னவென்று தெரியாமல் இரண்டையும் வாங்கி வந்திருந்தாள். இப்போது குழிக்குள் உட்கார்ந்து இரண்டையும் கையில் வைத்துப் பார்த்தாள். கேப்பை ஒட்டினால் கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும். வால்வைத்தான் எடுத்தாள். அறுத்த இரண்டு முனைகளையும் துடைத்து, பசையைத் தடவி, வால்வில் செருகிக் கொஞ்ச நேரம் அசையாமல் பிடித்துக்கொண்டாள். பிறகு அதை மூடினாள். தொட்டி மறுபடி நிரம்பி, மறுநாள் சாயங்காலம் வரை அப்படியே நின்றது.

அன்றிரவு நடந்ததையும், அந்த வீட்டில் நிற்கிற தண்ணீரை அள்ளிக் கொட்டப்போவதையும் கார்த்திகாவிடம் சொன்னாள். கார்த்திகாவுக்குக் கோபம் வந்தது.

"அவங்க வீட்டுத் தண்ணிய நீ எதுக்கும்மா கோருத? அப்பா செத்த வீட்டுல சாப்பிடாமப் போனவங்க."

"அப்பா போட்ட குழாய்டி அது" என்றாள் மாரிக்கனி.

வேலை விட்டு வந்ததும் கொஞ்ச நாள் அந்த வீட்டுக்குத்தான் போனாள். தண்ணீரைக் கோரி வெளியே ஊற்றினாள், ஜன்னல்களைத் திறந்து வைத்தாள், உடைந்த சுவர்க்குழாயை மாற்றினாள். ஊறி விழுந்த பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டுச் சிமெண்டு பூசினாள். முதலில் பூசியது மேடும் பள்ளமுமாக வந்தது. பார்ப்பவர்கள் யாரும் இல்லாததால் அவளும் கவலைப்படவில்லை. ஒரு நாள் மாடத்தி வீடியோ காலில் வந்து வீட்டைக் காட்டச் சொன்னாள். மாரிக்கனி போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒவ்வோர் அறையாக நடந்தாள். மாடத்தி தன் பக்கத்துப் போனைக் கட்டிலுக்குத் திருப்பினாள். மொக்கைச்சாமி தலையணையில் சாய்ந்து கிடந்தார். மீசையை மழித்துவிட்டிருந்தார்கள். அடையாளமே தெரியவில்லை. அவர் கண் மட்டும் திரையில் நகரும் சுவரையே பார்த்தது.

"ஊருக்குக் கூட்டிட்டுப் போன்னு கையைக் காட்டுதாவ" என்றாள் மாடத்தி. "எப்படிக் கூட்டிட்டு வர? வாசல்ல படி இருக்குல்லா. சக்கர நாற்காலி ஏறாது. கௌதம் ஒருத்தனால தூக்க ஏலாது."

போனை வைத்த பிறகு மாரிக்கனி வாசலுக்குப் போய் அந்தப் படிகளைப் பார்த்தாள். உயரமான படிகள். அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆனால் அடுத்த வாரம் செங்கல்லும் எம்.சாண்டு மணலும் வந்து இறங்கின.

படிகளின் மேல் நாற்காலி ஏறுவதற்குச் சரிவு கட்டுவது சுவர் பூசுவதுபோல் இல்லை. முதலில் கட்டியது செங்குத்தாக அமைந்துவிட்டது. தெருவில் ஒரு தள்ளுவண்டியை இரவல் வாங்கி, அதில் கல்லை ஏற்றித் தள்ளிப் பார்த்தாள். பாதி வழியில் வண்டி அவளையே பின்னால் தள்ளியது. சரிவை முற்றம் முழுக்க நீட்ட வேண்டியிருந்தது. ஈரச்சாக்குப் போட்டு மூட மறந்து வேலைக்குப் போனதில் மேல்பூச்சு வெயிலில் வெடித்தது. அதைக் கொத்தி எடுத்துவிட்டு மறுபடி பூசினாள். தெருவில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள்.

"ஆளில்லாத வீட்டுக்கு எதுக்கு மதினி இம்புட்டுப் பாடு?" என்று ஒருவர் கேட்டார்.

"வருவாவ" என்றாள்.

ஆடியில் வருவதாகச் சொன்னார்கள், வரவில்லை. தீபாவளிக்கு கௌதம்ராஜுக்கு கம்பெனியில் லீவு கிடைக்கவில்லை. மாரிக்கனி வெள்ளிக்கிழமைதோறும் அந்த வீட்டைத் திறந்து பெருக்கிவிட்டு, சரிவின் ஓரம் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பாள். கட்டுகிற வேலை நடந்தவரை நாள் போனதே தெரியவில்லை. அது முடிந்த பிறகுதான் சாயங்காலங்கள் நீண்டுவிட்டன.

பொங்கலுக்கு முந்தின நாள் வாடகைக் காரில் வந்தார்கள். மாரிக்கனி காலையிலேயே வால்வைத் திறந்து, அந்த வீட்டுக் குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பார்த்து வைத்திருந்தாள். கௌதம்ராஜ் அப்பாவைத் தூக்கிச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்தான். சரிவின் அடியில் வந்ததும் ஒருகணம் நின்று மாரிக்கனியைப் பார்த்தான்.

"தாங்குமா சித்தி?"

"தாங்கும். தள்ளு."

நாற்காலி ஏறியது. அவன் அதிகம் தம் பிடிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. மாடத்தி பின்னாலேயே சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு போனாள். நிலைப்படியைத் தாண்டி உள்ளே போனதும் மொக்கைச்சாமி நல்ல கையைத் தூக்கினார். நாற்காலி நின்றது. மேடும் பள்ளமுமாகப் பூசிய சுவரை ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு மாரிக்கனியைப் பார்த்து வாயைக் கோணிக்கொண்டு ஏதோ சொன்னார். அவளுக்கு விளங்கவில்லை. குனிந்தாள். திரும்பவும் சொன்னார்.

"புள்ள வரலியா?"

கார்த்திகாவைத்தான் கேட்கிறார் என்பது புரிய அவளுக்குச் சற்று நேரமாயிற்று.

"வரல அத்தான். அவளுக்கு லீவு கெடைக்கலையாம்."

அவர் நல்ல கையால் வாசல் பக்கம் காட்டினார்.

"வரச் சொல்லு" என்றார்.

பொங்கல் அன்று இரண்டு வீட்டுக்கும் ஒரே பானை. மாடத்தியும் அவளும் அடுப்பின் இரு பக்கமும் உட்கார்ந்து, பழைய சண்டையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கரும்பு இந்த வருஷம் இனிப்பில்லை என்றும், திருப்பூரில் ஒற்றை அறையில் துணி காயப்போட இடமில்லை என்றும் பேசிக்கொண்டார்கள். காணும் பொங்கலுக்கு மறுநாள் காலையில் கார் வந்தது.

"இங்கயே இருந்துருவோம்னு எனக்கும் ஆசைதான் கனி" என்றாள் மாடத்தி. "இவியளைத் தூக்கவும் இறக்கவும் ஒத்தப் பொம்பளையால ஏலாது."

"நான் இருக்கேன்லக்கா."

"நீ விடிஞ்சா வேலைக்குப் போறவ. சாயங்காலந்தான வருவ?" மாடத்தி அவள் கன்னத்தைத் தொட்டாள். "வாரேன், என்ன? போன் போடு."

கார் தெருமுனையில் திரும்பிய பிறகு மாரிக்கனி அந்த வீட்டின் மெயினை அணைத்தாள். புதிதாக வாங்கிய பூட்டைப் போட்டாள். புழக்கடைக்குப் போய் வால்வை மூடிவிட்டுக் கார்த்திகாவுக்குப் போன் செய்தாள்.

"பெரியப்பா உன்ன வரச் சொன்னாவ."

"பாப்போம்மா" என்றாள் கார்த்திகா. பேரன் அழும் சத்தம் கேட்டது. மகள் போனை வைத்துவிட்டாள்.

மத்தியானம் மாரிக்கனி உலை வைத்தாள். சோறு வெந்து வடித்த பிறகுதான் பானையைப் பார்த்தாள். இந்தச் சில நாள் பழக்கத்தில் கை நான்கு பேருக்கு அளந்து போட்டிருந்தது. தட்டில் தனக்கு எடுத்துக்கொண்டு, அடுப்படியிலேயே தரையில் உட்கார்ந்து சாப்பிட்டாள். மீதிச் சோறு ஆறும்வரை காத்திருந்து, தண்ணீர் ஊற்றி மூடி வைத்தாள்.